பதினாறு முடியமுன்

அப்பா சாவதற்கு முந்திய ஒரு மாதமும், தான் செத்துப்போய்விட்டதாகத் தம்பியைச் சொல்லவைக்கப் படாத பாடு பட்டார். எழுதும்போது எனக்கே இது ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், செம்மண் தறையில் வெங்காயமும் மிளகாயும் வைக்கிற ஊர் எங்களுடையது. அப்பா தோட்டக்காரர். அம்மா கோயில், விரதம், தீட்டுத்துடக்கு என்று எல்லாவற்றிலும் கறாரான ஆள். நான் சோதனை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் கிடைக்குமா கிடைக்காதா என்று வீட்டில் குந்திக்கொண்டிருந்தேன். எனக்குப் பின் ஒரேயொரு தம்பி. அவனுக்கு அந்த ஆவணியில் பதினாறு முடிய இருந்தது.

அந்த வயதுதான் அப்போது வீட்டுக்கு வீடு பயமாக இருந்தது. சுற்றிவளைத்தால் இராணுவம் மீசை அரும்பியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ட்ரக்கில் ஏற்றும். ஆயுத இயக்கங்களும் அதே மீசையைப் பார்த்துத்தான் மதிலோரத்தில் நின்று கதை கொடுத்தன. எங்கள் பின்வளவு வீட்டுப் பெடியன் முந்திய வருடம் கடைக்குப் பாண் வாங்கப் போனவன் திரும்பி வரவில்லை. சந்தியில் விழுந்துகிடந்த அவனுடைய சைக்கிளை ஆரோ உருட்டிக்கொண்டு வந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள். தம்பியும் அவனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அந்தச் சைக்கிள் எடுப்பாரில்லாமல் அங்கேயே நின்று துருப்பிடித்தது. அம்மா கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

அந்த நேரத்தில்தான் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். அவருடைய மூத்த மகன் ஏற்கனவே ஜேர்மனியில் இருந்தான். அங்கேயிருந்து வந்த சேதி இதுதான். பதினாறு முடியாத பிள்ளை என்றால் அந்த நாட்டுக்குள் இறங்க விசா தேவையில்லை. தனியாக வந்து நின்றாலும் பிள்ளை என்று பொறுப்பெடுத்து, விடுதியில் வைத்துப் பார்ப்பார்கள். பதினாறு முடிந்து ஒருநாள் ஆகிவிட்டாலும் ஆள் பெரியவன்தான். விசா எங்கே என்று கேட்டு, வந்த விமானத்திலேயே ஏற்றிவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தை எழுத்தில் கண்டவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் சந்தையிலும் சங்கக்கடையிலும் எல்லாருக்கும் அது மனப்பாடம். பதினேழு வயதுப் பிள்ளை வைத்திருந்த தாய்மார், பதினாலு வயதுப் பிள்ளையோடு கோயிலுக்கு வந்த தாய்மாரை ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கு அந்தப் பார்வையைக் கண்டாலே எரிச்சல் வரும். எங்கேயோ ஒரு மேசையில் இருந்து ஆரோ எழுதிய ஒரு வயது, எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குக் கதவைத் திறந்து அடுத்த வீட்டுக்குப் பூட்டிவிட்டது. நாலைந்து வருடம் கழித்து, பிள்ளைகளுக்கும் விசா வேண்டும் என்று அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். அது பிந்திய கதை.

பெற்ற பிள்ளையைத் தனியாக அனுப்ப எப்படி மனம் வந்தது என்று பிறகு வெளிநாட்டுக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. நல்லாய்த்தான் கேட்பார்கள், தலையைச் சரித்துக்கொண்டு. அந்தச் சைக்கிளை நான் எப்படி அவர்களுக்குக் காட்டுவது? மனம் வரவில்லை, அனுப்பினோம் என்றுதான் சொல்வேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் ஏஜென்சிக்காரர் ஒருவர் இருந்தார். அப்பாவும் மாமாவும் போய் அவரைக் கண்டார்கள். தேதி குறித்து, ஓடவேண்டிய இடமெல்லாம் ஓடி, எல்லாம் சரிவந்த பிறகு அவர் கடைசியாக ஒன்று சொல்லியனுப்பினார். இறங்கின உடனே தாய் தகப்பனைப் பற்றித்தான் கேட்பார்கள். தகப்பன் இருக்கிறார் என்று சொன்னால் அவரிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே தகப்பன் செத்துப்போனார், தாய்க்குப் பார்க்க வழியில்லை என்று பிள்ளை தடுமாறாமல் சொல்லவேண்டும். அவர் சொன்னது எவ்வளவு உண்மையோ தெரியாது. அவரும் ஆரோ சொல்லித்தான் சொல்லியிருப்பார். நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

அன்று பின்னேரமே அப்பா பாடம் தொடங்கினார்.

வீட்டுக்குப் பின்னால்தான் எங்கள் தோட்டத் தறை. கிணற்றில் மிசின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்க, தம்பி வாய்க்காலில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றான். நான் வரம்பில் இருந்து புல்லுப் பிடுங்கினேன். அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, கேள்வி கேட்கிற வெள்ளைக்காரனாக மாறினார்.

"உம்மடை வயது என்ன?"

"பதினைஞ்சு."

"தகப்பன் எங்கை?"

தம்பி அப்பாவைப் பார்த்தான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"என்னடா பல்லைக் காட்டுறாய்? தகப்பன் செத்த பிள்ளை இப்பிடியே சிரிப்பான்?"

"நீங்கள் முன்னாலை நிண்டுகொண்டு கேட்டால் நான் எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப நான் போய்ப் பூவரசுக்குப் பின்னாலை ஒளிக்கிறன். சொல்லு பாப்பம்."

சொன்னபடி போய் ஒளித்தும் நின்றார். நானும் சிரித்துவிட்டேன். மரத்துக்குப் பின்னாலிருந்து அவர், "சத்தமாய்ச் சொல்லடா, எனக்குக் கேக்கேல்லை" என்று கத்த, அம்மா குசினிக்குள்ளிருந்து அகப்பையோடு ஓடிவந்தார்.

"உங்களுக்கு விசரே? விளக்கு வைக்கிற நேரத்திலை என்ன கதை கதைக்கிறியள்? பெத்த தகப்பனைப் பிள்ளையின்ரை வாயாலை சாகக் குடுக்கிறியளோ?"

"வாயாலை சொன்னாப்போலை ஆள் சாகுமெண்டால், இந்த ஆமிக்காரர் எல்லாம் எப்பவோ முடிஞ்சிருப்பினமப்பா. நீர் போம்."

"என்ரை காதிலை உந்த வசனம் விழக்கூடாது" என்றார் அம்மா. அதற்குப் பிறகும் பாடம் தறையில்தான் நடந்தது, ஆனால் அம்மா பக்கத்தில் இல்லாத நேரங்களில் மட்டும்.

என்னையும் உதவிக்குப் பிடித்தார் அப்பா. இங்கிலீசிலும் சொல்லிக்கொடு பிள்ளை, எதற்கும் இருக்கட்டும் என்றார். இங்கிலீசில் தம்பி கிளிப்பிள்ளைமாதிரிச் சொன்னான். அதில் வந்த தகப்பன் ஆரோ ஒருத்தர், எங்கள் அப்பா இல்லை. தமிழில் என்றால் தொண்டைக்குள் நின்றுவிடும். சிரிப்பான், அல்லது வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நிற்பான். அப்பா விடவில்லை. ஏசிப் பார்த்தார், பகிடி விட்டுப் பார்த்தார். ஒருநாள் சோர்ந்துபோய் வரம்பில் இருந்துகொண்டு, "இதொண்டையும் நீ சொல்லப் பழகினால் போதுமடா. மிச்சத்தை நான் கும்பிடுற தெய்வம் பாத்துக்கொள்ளும்" என்றார். அவருடைய முகத்தில் அன்றுதான் நான் பயத்தைக் கண்டேன். அதுவரை அவர் இதை ஒரு விளையாட்டாகத்தான் நடத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் தம்பி சொன்னான்.

அப்பா கேட்கக்கூட இல்லை. தண்ணீர் மாறிக்கொண்டு நின்றவன் நிமிர்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், வெங்காயப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு, "அப்பா செத்துப்போனார்" என்றான். சிரிக்கவில்லை. தடுமாறவில்லை. குரல் அவனுடைய குரல்மாதிரியே இல்லை.

 அப்பா, "சரி. பாஸ்" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார். நான் எழும்பி வீட்டுக்கு வந்தேன். அம்மா குசினியில் அடுப்புக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். நான் தேங்காய் துருவத் தொடங்கினேன்.

அடுத்த கிழமை, விடியப்புறம், மிசினைத் தொடக்கக் கயிற்றை இழுத்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டோடு சாய்ந்தார். தம்பிதான் பக்கத்தில் நின்றவன். பக்கத்துத் தறைக்காரர் தன்னுடைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகமுன் எல்லாம் முடிந்துவிட்டது. கனகாலமாக இருதய வருத்தம் இருந்திருக்க வேண்டும், இவர் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார் என்று டொக்டர் சொன்னார். அது மனதில் ஏறுகிற நிலையில் நாங்கள் இல்லை. தம்பி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றான். நான் போய் அவனுடைய கையைப் பிடித்தேன். 

செத்தவீடு எங்கள் ஊர் முறைப்படி ஒரு குறையுமில்லாமல் நடந்தது. பறை வந்தது, பந்தம் பிடித்தார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். எங்கள் குடும்பத்தில் கொள்ளி வைக்கிற மகன் தலையை முழுதாக வழிக்க வேண்டும். கிணற்றடியில் தம்பியை இருத்தி வழித்தார்கள். சுருள் சுருளான மயிர் அவனுக்கு, அப்பாவுடையதைப்போல. அது எல்லாம் செம்மண்ணில் கொட்டிக்கிடந்தது. மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் சுற்றிவந்தபோது, அம்மா தலையிலடித்துக்கொண்டு அழுதார். அவன் அழவில்லை. சுடலையால் வந்தும் அழவில்லை. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, படையல் எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, மாமா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழும்பினார்.

"ஐயோ அக்கா, பாஸ்போட் படத்திலை தலைமயிர் இருக்கு!"

 இத்தனை பேர் கூடி நின்று, தருப்பையிலிருந்து நெற்பொரிவரை ஒன்றையும் மறக்காமல் பார்த்துப் பார்த்துச் செய்தோம். பாஸ்போட்டை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, படித்தவள் என்று பெயர். படத்தில் கன்னம் உப்பிய ஒரு சின்னப் பெடியன் இருந்தான். எங்களுக்கு முன்னால் இருந்தவனுக்குக் கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், மொட்டைத் தலையோடு இருபது வயது சொல்லலாம்.

அதோடு இன்னொன்றும் வெளியில் வந்தது. அந்தியேட்டி முப்பத்தோராம் நாள். கீரிமலைக் கடற்கரைக்குப் போய் மகன் செய்யவேண்டிய கிரியை அது. அது முடியும்வரை துடக்கு; பயணம் என்ற பேச்சே இல்லை. ஆனால் தம்பியின் பிறந்தநாள் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை வந்தது. மகனாக நின்று எல்லாம் செய்து முடித்துவிட்டுப் போனால், பிள்ளையாகப் போய் இறங்க முடியாது.

பெரியப்பா, அப்பாவின் தமையன், கதிரையில் இருந்தபடியே சொன்னார்.

"தகப்பன்ரை சாம்பல் ஆறேல்லை. அந்தியேட்டி செய்யாமல் பெடியனைக் கடல் தாண்டி அனுப்பினால் ஊர் என்ன கதைக்கும்? மயிரும் வளரட்டும். பிறகு வேறை வழி பாப்பம்."

"வேறை வழி எண்டால் எது பெரியப்பா?" என்று கேட்டேன். "பின்வளவு வீட்டிலை பாத்த வழியே?"

"பிள்ளை, பெரியாக்கள் கதைக்கேக்கை நீ வாய் வைக்காதை."

மாமாவுக்கு என்னைச் சமாதானப்படுத்த வேண்டுமென்று நினைப்பு. அந்த மனிசனுக்கு நல்ல மனம், வாய்தான் நல்லதில்லை. தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டு, "போறதெண்டாலும் ஒருவிதத்திலை பாத்தால், இனி நீ அங்கை பொய் சொல்லத் தேவையில்லைத்தானே" என்றார்.

தம்பி எழும்பி வெளியே போனான். கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. நான் மாமாவைப் பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது, தம்பி ஏன் வாய் திறக்கவில்லை என்று. அம்மா சொன்னாரே, பிள்ளையின் வாயால் சாகக் கொடுக்கிறீர்களா என்று. அவன் சொன்னான், அப்பா போய்விட்டார். அதைத்தான் அவன் நெஞ்சுக்குள் வைத்து அரைத்துக்கொண்டிருந்தான். 

இவ்வளவு நேரமும் மூலையில் வெள்ளைச் சேலையோடு சுவரில் சாய்ந்திருந்தார் அம்மா. விரதம், துடக்கு என்று ஊருக்கே சட்டம் சொல்லுகிறவர். அவர் பெரியப்பாவோடுதான் நிற்பார் என்று நான் நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

"அந்தியேட்டி செய்ய ஆள் பிடிக்கலாம்" என்றார் அம்மா. "பதினாறைப் பின்னுக்குத் தள்ள ஆள் பிடிக்கேலுமோ?"

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அவர் ஒரு மாசமாய் உதுக்காகத்தான் கிடந்து மாய்ஞ்சவர். கீரிமலையிலை வந்து என்னட்டை அவர் கேட்பார், பெடியன் எங்கையெண்டு. நான் அவருக்குப் பதில் சொல்லுறன். நீங்கள் ஐயரைக் கூப்பிடுங்கோ."

ஐயர் வந்தார். நல்ல மனிதர், கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. தம்பியைக் கிழக்கே பார்த்து இருத்தி, மிச்சக் கிரியைகளை அவனுக்குப் பதிலாகச் செய்யும்படி பெரியப்பாவின் மகனிடம் அவனுடைய கையால் தருப்பை கொடுக்கவைத்தார்.  பெரியப்பா எழும்பிப் போய் வாசல் படலையடியில் நின்றுகொண்டார்.

பயணநாள் காலை இன்னொரு பிரச்சினை. எங்கள் பக்கத்தில் பயணம் வெளிக்கிடுகிற ஆளுக்கு முன்னால் முழிவியளத்துக்கு, நல்ல சகுனமாக, ஒரு சுமங்கலியை வரவிடுவார்கள். தாலி இறக்கி இரண்டு கிழமைகூட ஆகாத அம்மாவை அறைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு அன்ரியை நிறைகுடத்தோடு படலையில் நிறுத்தியிருந்தார்கள். நான் சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். அதற்கு இடமிருக்கவில்லை. தம்பி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர, அம்மா அறைக்கதவைத் திறந்துகொண்டு நேரே படலைக்குப் போனார். அன்ரியைத் தள்ளிநிற்கச் சொன்னார்.

"பெத்தவளை விட என்ன முழிவியளம்?" என்றார். "வா, என்னைப் பாத்துக்கொண்டு போ."

தம்பி வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றான். அவனுடைய மொட்டைத் தலையில் மாமா ஒரு தொப்பியைப் போட்டுவிட்டிருந்தார். அம்மா அதை எடுத்து, தலையைத் தடவி, திரும்பவும் போட்டுவிட்டார்.  மாமா அவனைக் கொழும்புவரை கூட்டிக்கொண்டு போனார். மினிபஸ் சந்தியால் திரும்பும்போது அவன் யன்னலால் தலையை வெளியே போட்டுப் பார்த்தான். பிறகு புழுதிதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு காத்திருந்தோமே, அந்த நாட்களை நான் ஆருக்கும் சொல்லி விளங்கவைக்க முடியாது. திருப்பி அனுப்பிவிட்டால் இன்னொருமுறை போக ஏலாது. அதற்குள் பதினாறு முடிந்துவிடும். கொழும்பில் வந்து இறங்கினால் அங்கேயே பிடித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு. அம்மா சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழும்பிப் படலையைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிறந்தநாளுக்குத் தம்பிக்குப் பிடித்த கொழுக்கட்டை அவிக்கிறது எங்கள் வீட்டு வழக்கம். துடக்கு வீடு, ஒன்றும் செய்யவில்லை. அம்மா மட்டும் காலையில் மாவுப் பேணியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

மாமா தந்தியோடு சைக்கிளில் வந்தது செவ்வாய்க்கிழமை, அந்தியேட்டிக்கு முதல்நாள். ஜேர்மனியிலிருந்து அவருடைய மகன் அடித்திருந்தான். பெடியனை உள்ளே எடுத்துவிட்டார்கள் என்று ஒரேயொரு வரி. அம்மா அதைக் கையில் வாங்கவில்லை. என்னை வாசிக்கச் சொன்னார். திரும்பவும் வாசிக்கச் சொன்னார். அடுத்தநாள் கீரிமலையில் பெரியப்பாவின் மகன் கடலில் இறங்கி நின்று அஸ்தியைக் கரைத்தபோது, அம்மா கரையில் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பதில் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. சுகம், குளிர், விடுதி, சாப்பாடு பிடிக்கவில்லை, இவ்வளவுதான் அதில் இருக்கும். விமானநிலையத்தில் என்ன நடந்தது என்று நான் எழுதிக் கேட்டதற்குப் பதில் இல்லை. மார்கழியில்தான் ஒரு கசெற் வந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் குரலைப் பதிந்து கசெற்றில் அனுப்புவார்கள். மாமா வீட்டு ரேப் ரெக்கோடரை வாங்கிவந்து, அம்மாவும் நானும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டோம். முதலில் கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. குரல் உடைந்து ஆம்பிளைக் குரலாகியிருந்தது.

"அம்மா, நான்தான் கதைக்கிறன். அக்கா, நீங்கள் கேட்டனீங்கள், எயார்போட்டிலை என்ன நடந்ததெண்டு. எழுத ஏலாமல் கிடந்தது. அதுதான் இதிலை சொல்லுறன். படத்தையும் என்ரை முகத்தையும் மாறி மாறிப் பாத்தாங்கள். தொப்பியைக் கழட்டச் சொன்னாங்கள். பதினைஞ்சு எண்டதை நம்பேல்லை. ஒரு அறைக்குள்ளை இருத்தி வைச்சிட்டு, தமிழ் கதைக்கிற ஒரு அண்ணையைக் கூட்டிக்கொண்டு வந்தாங்கள். எங்கடை பக்கத்து ஆள், கதையிலை தெரிஞ்சுது. அவர் முதல் கேட்டது, தம்பி, அப்பா எங்கையெண்டு. நான் இருக்கிறார் எண்டன்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கிறார், தோட்டத்திலை இறைக்கிறார் எண்டன். திருப்பியும் கேட்டினம். அப்பவும் அதைத்தான் சொன்னன். அந்த அண்ணை சொன்னார், தம்பி, யோசிச்சுச் சொல்லும், தகப்பன் இருக்கிறாரெண்டால் உம்மை அவரிட்டை அனுப்பப் போறமெண்டு இவை சொல்லுகினமெண்டு. எனக்குத் தெரியும் அக்கா, என்ன சொல்லவேணுமெண்டு. உண்மையும் அதுதானே. ஆனால் வாய் வரேல்லை. ஒருக்காச் சொல்லித்தானே அப்பா போனவர். இன்னொருக்காச் சொல்ல எனக்குப் பயமாய்க் கிடந்தது."

அம்மா பெட்டிக்குக் கிட்ட நகர்ந்து இருந்தார்.

"அந்த அண்ணை பேசாமல் என்ரை தலையையே பாத்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்து இருந்து, மெல்லமாய்க் கேட்டார், தம்பி, ஆருக்குக் கொள்ளி வைச்சனீர் எண்டு. நான் அழுதிட்டன் அம்மா. அப்பதான் அழுதனான். நான் ஒண்டும் சொல்லேல்லை. அவர்தான் என்ரை தலையைக் காட்டிக் காட்டி அவங்களுக்குக் கனநேரம் என்னவோ விளங்கப்படுத்தினவர். ஒரு பொம்பிளை தண்ணி கொண்டுவந்து தந்தா. பிறகு வானிலை ஏத்தி விடுதிக்குக் கொண்டுபோய் விட்டாங்கள்."

இன்னும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினான். பிறகு மிகவும் சின்னக் குரலில், பழைய குரலில் கேட்டான்.

"அம்மா, நான் சொன்னதாலையோ அப்பா...?"

அதோடு கசெற் நின்றது.

நான் அழுதேன். அம்மா அழவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைப் பார்த்தபடி இருந்தார். ஐந்து மாதமாக அந்தப் பிள்ளை தன்னந்தனியாக, ஒரு குளிர் நாட்டில், இதைச் சுமந்துகொண்டு படுத்தெழும்பியிருக்கிறான். ஒரு நாட்டுச் சட்டம் அவனைப் பிள்ளை என்றுதான் உள்ளே எடுத்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தச் சட்டத்தால் ஏலாது.

அடுத்தநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு வந்து, புதுக் கசெற்றைப் போடச் சொன்னார். படம் எடுக்க இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தார். நான் பொத்தானை அமத்தினேன்.

"தம்பி, நான் அம்மா" என்றார்.  பிறகு வழமையான கறார்க் குரல் வந்தது.

"நீ சொல்லி அப்பா சாகேல்லை. அவருக்கு நெஞ்சிலை வருத்தம் இருந்தது. எங்களுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தவர். டொக்டர் சொன்னவர், அக்காவும் கேட்டவ. வாயாலை சொல்லக்கூடாதெண்டு நான் சத்தம் போட்டது என்ரை பயத்திலை. அது என்ரை பயம், உன்ரை பிழையில்லை. கேக்குதே? இனி ஆரும் கேட்டால் இருக்கிறார் எண்டு சொல்லாதை. அப்பா செத்துப்போனார். நீ கொள்ளி வைச்சு வடிவாய் அனுப்பிவைச்சனீ. அதைச் சொல்லு. சொல்லிப் பழகு." கொஞ்சம் முன்னால் சரிந்தார். "எங்கை, அம்மாவுக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லு பாப்பம்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். முடிந்துவிட்டதென்று நினைத்து நான் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாடா சுற்றிக்கொண்டேயிருந்தது. பக்கத்துத் தறையில் ஆரோ இறைக்கிற மிசின் சத்தமும் அதில் பதிந்திருக்கும். அம்மா அந்தப் பெட்டியை, எதிரில் நிற்கிற பிள்ளையின் வாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு, அவன் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரமும் காத்திருந்தார்.

பிறகு தலையை ஆட்டினார்.

"சரி. பாஸ்" என்றார்.

தம்பி முதன்முதலாய் அதைச் சொன்ன அன்று அம்மா தறைப்பக்கமே வரவில்லை என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன்.